எல்லாரையும் எடுத்தீர்கள், உங்களை யார் எடுப்பது?

கேள்வி: கோடை விடுமுறையில் சென்னை வி.ஜி.பி. பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போகிறோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், நாத்தனார் குடும்பம், எழுபது வயது மாமியார் என்று ஒன்பது பேர். எல்லாரும் ஒரே மாதிரி வெள்ளை உடையில் நிறைய படம் எடுக்க ஆசை. போன வருஷம் ஏலகிரி போனபோது நானூறு படம் எடுத்தேன். ஒன்றிரண்டில்தான் நான் இருக்கிறேன். ‘சுத்திப் பார்க்கப் போறோமா, போட்டோ பிடிக்கப் போறோமா?’ என்று கணவர் கோபிக்கிறார். எப்படித் திட்டமிடுவது?
– வாசகி, குடியாத்தம்

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த ‘ஒன்றிரண்டு’தான். எல்லாரையும் படமெடுக்கிறவர் ஆல்பத்தில் இருப்பதே இல்லை. பல வீடுகளில் அது அம்மாதான். பிள்ளைகள் வளர்ந்து அந்தப் படங்களைப் புரட்டும்போது உங்களைத் தேடுவார்கள். அதனால் முதல் ஏற்பாடு இதுதான்: மதியம் வரை போன் உங்களிடம், சாப்பாட்டுக்கு அப்புறம் நாத்தனார் பிள்ளைகளில் பெரியவரிடம். ‘மாமி இருக்கிற மாதிரி எடு’ என்று கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள்.

வெள்ளை உடை வேண்டாம். தண்ணீர் பட்டால் உடம்போடு ஒட்டிக்கொண்டு உள்ளே தெரியும், பெண்களுக்கு நாள் முழுக்கச் சங்கடம். இன்னொன்று, ஒன்பது வெள்ளைச் சட்டைகளைப் பார்த்ததும் போன் தானாக வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். நம் முகமெல்லாம் கறுத்துப் போகும். மஞ்சள், நீலம், கருஞ்சிவப்பு என்று மூன்று நிறத்துக்குள் அவரவருக்குப் பிடித்ததைப் போட்டாலே படத்தில் ஒரு குடும்பமாகத் தெரியும். முகம் இருட்டாக விழுந்தால் திரையில் முகத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே இழுங்கள்.

நானூறு படம் வேண்டாம். கட்டாயம் வேண்டிய ஏழெட்டை மட்டும் இப்போதே உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். ஒன்பது பேரும் சேர்ந்தது, மாமியாரும் பேரப்பிள்ளைகளும், நீங்களும் கணவரும் மட்டும், இப்படி. குரூப் படத்தை உள்ளே நுழைந்ததுமே எடுத்துவிடுங்கள். தலை கலையாமல், பசி வராமல், யாரும் யாரிடமும் கோபித்துக்கொள்ளாமல் இருக்கும் நேரம் அதுதான். நல்ல மர நிழலாகப் பார்த்து நில்லுங்கள். உச்சி வெயிலில் எடுத்தால் கண்ணுக்குக் கீழே கறுப்பாக நிழல் விழும், வேலூர் வெயிலில் வளர்ந்த நமக்கு அது தெரிந்ததுதான். மாமியாரை ஓரத்தில் நிறுத்தாதீர்கள். போனின் அகலக் கோணத்தில் ஓரத்தில் இருப்பவர் முகம் இழுபட்டுப் போகும். அவரை நடுவில் உட்கார வைத்து, மற்றவர்கள் சுற்றி நில்லுங்கள்.

கடல் பின்னால் தெரிகிற படத்தைக் காலையில் எடுக்காதீர்கள். அங்கே கடல் கிழக்கே இருக்கிறது. காலையில் சூரியனும் முதுகுப் பக்கம் நிற்கும், முகம் தெரியாது. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வெயில் மேற்கே இறங்கி முகத்திலேயே விழும், அப்போது எடுங்கள்.

ராட்டினத்தில் ஏறுபவர் கையில் போன் வேண்டவே வேண்டாம், விழுந்தால் கீழே இருப்பவர் மண்டை உடையும். கீழே நின்று எடுங்கள். கொலம்பஸ் கப்பல் மாதிரி ஆடுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. கப்பல் ஒரு பக்கம் உச்சிக்குப் போனதும், திரும்புவதற்கு முன்னால் ஒரு கணம் நிற்கும். அந்தக் கணத்தில் அழுத்தினால் படம் கலங்காது. பிள்ளைகள் அலறுகிற முகமும் அப்போதுதான் சரியாகக் கிடைக்கும்.

வி.ஜி.பி.யின் சிலை மனிதரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். யார் என்ன செய்தாலும் சிரிக்காமல் அசையாமல் நிற்பவர். அவரோடு பிள்ளைகளை நிறுத்தி போஸ் கொடுக்க வைப்பதைவிட, அவரைச் சிரிக்க வைக்க அவர்கள் படும் பாட்டைப் பக்கவாட்டில் நின்று, அவர்கள் உயரத்துக்குக் குனிந்து எடுங்கள்.

தண்ணீர் விளையாட்டுக்குப் போகும்போது போனை லாக்கரில் வைத்துவிடுங்கள். கணவருக்கு அந்த நேரம் உங்களோடு வேண்டும், அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பிளாஸ்டிக் உறை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாலும் ஈரத்தில் தொடுதிரை சரியாக வேலை செய்யாது. ஒன்றிரண்டு எடுத்தே ஆகவேண்டும் என்றால் கேமராவைத் திறந்துவைத்துவிட்டு, சத்தம் கூட்டும் பொத்தானை அழுத்துங்கள். அப்புறம், ஏசி வண்டியிலிருந்து இறங்கியதும் லென்ஸில் ஆவி படியும். வேர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் வேறு. நல்ல பருத்தித் துணி ஒன்றைப் பையில் வைத்து அடிக்கடி துடையுங்கள்.

மாமியார் ராட்டினம் ஏறமாட்டேன் என்றால் படத்துக்காக வற்புறுத்தாதீர்கள். நிழலில் உட்கார்ந்து மாங்காய் பத்தை சாப்பிடட்டும், பேரன் ஓடிவந்து ‘ஆயா, எனக்கு?’ என்று பிடுங்குவான். கேமராவைப் பார்க்கச் சொல்லாமல் அதை எடுங்கள்.

சென்னை கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு வேலூர் கோட்டைக்குப் போய், அகழி ஓரப் புல்வெளியில் ஒத்திகை பார்த்துவிடுங்கள். போனை வாங்கப் போகிற அந்தப் பிள்ளைதான் அன்று எடுக்க வேண்டும்.