தடுப்பணை கட்டியாச்சு, தண்ணீர் நின்றதா?

ஊர் நீர்த் திட்டங்களை மதிப்பிட்டு எழுதுவோரின் கேள்விகளும் பதில்களும்.

தடுப்பணைக்குப் பிறகு எங்கள் கிணறுகளில் நீர் ஏறியிருக்கிறது. திட்டம் வெற்றி என்று எழுதலாமா? (வடகரப்பதி)

அவசரப்படாதீர்கள். நல்ல மழை பெய்தால் தடுப்பணை இல்லாத ஊரிலும் கிணறு ஏறும். அணையை ஒட்டி மூன்று கிணறு, அதன் ஊற்று எட்டாத தூரத்தில் அதே மாதிரி மண்ணில் மூன்று கிணறு எடுத்துக்கொள்ளுங்கள். மே கடைசியிலும் நவம்பர் கடைசியிலும், மூன்று வருஷமாவது, காலையில் மோட்டார் போடும் முன் அளந்து எழுதுங்கள். இரண்டு கூட்டத்துக்கும் உள்ள ஏற்ற வித்தியாசம்தான் அணையின் பங்கு. கைப்பிடிச்சுவரில் பெயிண்டால் ஒரு குறி போட்டு எப்போதும் அங்கிருந்தே அளக்க வேண்டும். ஒருமுறை சுவரிலிருந்தும் மறுமுறை தரையிலிருந்தும் அளந்தால் முக்கால் மீட்டர் தண்ணீர் நோட்டிலேயே ஏறி இறங்கும். அந்த நோட்டிலேயே புதுப் போர்வெல் எத்தனை என்றும் குறியுங்கள். தேங்கியதை அவை உறிஞ்சிவிட்டால் அணைமீது பழி போடக் கூடாது.

ஆழியாற்றுத் தண்ணீர் எங்கள் கடைமடைக்கு வருவதே இல்லை. கேட்டால் "மேலேயே திறக்கலை" என்கிறது பாடசேகர சமிதி (வயல் விவசாயிகளின் குழு). (கொழிஞ்சாம்பாறை)

தமிழ்நாடும் கேரளமும் செய்த 1970 பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி. அது இரண்டு அரசுகளின் பேச்சு. உங்கள் கிளை வாய்க்காலுக்குள் வந்த தண்ணீருக்குச் சமிதிதான் பதில் சொல்ல வேண்டும். அதை அளக்கக் கருவி வேண்டாம். தோல் உரிக்காத ஆரஞ்சுப் பழம் ஒன்று போதும். எலுமிச்சை சில சமயம் மூழ்கும், தெர்மோகோலைக் காற்று தள்ளிவிடும்.

நேரான இடத்தில் 10 மீட்டர் குறித்து, பழத்தை நடுவில் விட்டு நேரம் பாருங்கள். மூன்று முறை விட்டு சராசரி எடுங்கள். மண் வாய்க்காலில் அகலம் 0.9 மீட்டர், ஆழம் 0.3, கடக்க 25 விநாடி என்றால் வேகம் 0.4. மேல்மட்டம் வேகமாக ஓடுவதால் 0.8 ஆல் பெருக்குங்கள்: 0.9 × 0.3 × 0.4 × 0.8, அதாவது விநாடிக்குச் சுமார் 86 லிட்டர். தலைமடையிலும் கடைமடையிலும் ஒரே நாளில் அளக்க வேண்டும். இடையிலுள்ள மடைகளையெல்லாம் அடைத்து, ஓட்டம் சீரான பின்னும் 40 லிட்டர்தான் வருகிறதா? கசிவு, உடைப்பு, அல்லது கள்ளத்தனமாகச் செருகிய ஹோஸ். அடைக்கும்போது நன்றாக வந்து, திறந்ததும் குறைந்தால் கோளாறு முறை வைப்பதில். அதற்குச் சிமென்ட் பூச்சு மருந்தாகாது.

குடிநீர்த் திட்டத்தில் மோட்டார் நாள் முழுக்க ஓடியும் பற்றாக்குறை. (எருத்தேம்பதி)

இரவு 11 மணிக்கு எல்லோரும் குழாயை மூடச் சொல்லிவிட்டு, மோட்டாரை நிறுத்தி, டேங்கின் வெளியேற்று வால்வை மட்டும் திறந்து வையுங்கள். காலை 4 மணிக்கு மட்டம் எவ்வளவு இறங்கியிருக்கிறது? 6 மீட்டர் விட்டமுள்ள வட்ட டேங்கில் 10 செ.மீ. இறக்கம் ஏறக்குறைய 2,830 லிட்டர். தலைக்கு 55 லிட்டர் என்ற ஜல் ஜீவன் கணக்கில் 51 பேரின் ஒரு நாள் தண்ணீர். வால்வை மூடி இன்னோர் இரவு பாருங்கள். அப்போதும் இறங்கினால் ஓட்டை டேங்கிலேயே, இல்லாவிட்டால் குழாயில்.

போர்வெல் நீரில் புளோரைடு என்கிறார்கள். கொதிக்க வைத்தால் போதுமா? (வேலந்தாவளம்)

போதாது, நீர் ஆவியாகப் புளோரைடு இன்னும் செறிவாகும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை. ஆழம் கூட்டினால் சரியாகும் என்று நம்பித் தோண்டாதீர்கள். இந்தப் பாறையில் ஆழத்தில் கூடவும் வாய்ப்புண்டு. ஆண்டுக்கொரு ரசாயனப் பரிசோதனைச் சீட்டைக் குடிநீர்ச் சமிதி காட்டாவிட்டால், அந்த ஒன்றுக்கே திட்டத்துக்கு நீங்கள் போடும் மதிப்பெண்ணைக் குறைக்கலாம்.