இங்கிலீஷ்ல 27வது எழுத்து இருந்துச்சா?

கேள்வி: லண்டன் பக்கம் பழைய கடை போர்டுல 'யீ ஓல்டு'ன்னு போட்டிருக்காங்களே, அந்த 'யீ' என்னங்க? இங்கிலீஷ்ல எப்பவுமே 26 எழுத்துதானா?

பதில்: இல்லைங்க. பழைய இங்கிலீஷ்ல 'தார்ன்'னு ஒரு எழுத்து இருந்துச்சு, இப்ப டி, ஹெச் ரெண்டையும் சேர்த்து எழுதுற சத்தத்துக்கு அப்ப அது ஒண்ணே போதும். ஒரு நேர்கோடு, அதோட வலப்பக்கம் நடுவுல ஒட்டின சின்ன வயிறு, அவ்ளோதான். போகப்போக கையெழுத்துல அந்த வயிறு மேல திறந்து ஒய் மாதிரியே ஆயிடுச்சு. 1476ல வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டர்ல அச்சகம் போட்டாரு, ஐரோப்பாவுல இருந்து வந்த அச்சுகள்ல தார்ன் கிடையாது, அதனால ஒய்யையே வச்சு ஒப்பேத்திட்டாங்க. ஆக அந்த போர்டை 'தி ஓல்டு'ன்னுதான் படிக்கணும். ஐஸ்லாந்துக்காரங்க இன்னிக்கும் தார்ன் எழுதுறாங்க, எனக்கு அதுல ரொம்ப சந்தோஷம்.

27வதுன்னு கேட்டா & குறியைச் சொல்லலாம். 19ம் நூற்றாண்டுல பசங்க ஏ, பி, சி ஒப்பிக்கிறப்ப இசட் முடிஞ்சதும் 'அண்ட், பெர் சே, அண்ட்'னு இதையும் சேர்த்துப்பாங்க, பெர் சேன்னா லத்தீன்ல 'தனியா நின்னா'ன்னு அர்த்தம், அதை வேகமா சொல்லிச் சொல்லியே 'ஆம்பர்சாண்ட்'ங்கிற பேரு வந்துச்சு.

கேள்வி: ரொம்ப கம்மி எழுத்து உள்ள மொழி எது?

பதில்: பப்புவா நியூ கினியாவுல பூகன்வில் தீவுல பேசுற ரோட்டோகாஸ். மொத்தமே 12 எழுத்துதான்.