இதயச் செயலிழப்பு: நள்ளிரவு மூச்சுத்திணறலை ஒரு வாரம் முன்பே கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. இதயச் செயலிழப்புக்கு மூன்று ஆண்டுகளாக மாத்திரை சாப்பிடுகிறார். ஆறு மாதத்தில் இரண்டு முறை நடு ராத்திரியில் மூச்சுத்திணறி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டு முறையும் முந்தின நாள் வரை நன்றாகத்தான் இருந்தார். மூட்டு வலிக்கு அவ்வப்போது மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடுவார். வெளியூர் போகும் நாளில், அடிக்கடி சிறுநீர் வரும் என்று நீர் மாத்திரையை விட்டுவிடுவார். மறுபடி இப்படி வராமல் இருக்க என்ன செய்வது?

பதில்: உங்கள் கேள்வியிலேயே இரண்டு காரணங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு வருவதற்கு முன், 'முந்தின நாள் வரை நன்றாக இருந்தார்' என்பதைக் கொஞ்சம் பார்ப்போம்.

இந்த நோயில் இதயம் நின்றுபோவதில்லை. உடலின் தேவைக்கு ஏற்ப ரத்தத்தைத் தள்ள முடியாமல் திணறுகிறது. வரும் ரத்தம் குறைந்ததும் சிறுநீரகம், உடம்பில் நீர் பற்றவில்லை என்று எடுத்துக்கொண்டு உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது. இப்படி நீர் கோப்பது பெரும்பாலும் பல நாட்களாக, சில நேரம் வாரக்கணக்கில் நடக்கும். படுத்ததும் கால்களில் தேங்கிய நீர் ரத்தத்துக்குத் திரும்பி நுரையீரலில் சுமையை ஏற்றுகிறது. அதனால்தான் திணறல் நடு ராத்திரியில் வருகிறது. நீங்கள் பார்த்தது கடைசிக் கட்டத்தை. முதல் கட்டத்தைக் காட்டுவது எடை மெஷின்.

ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. கால் வீக்கம் கண்ணுக்குத் தெரிவதற்குள் இரண்டு மூன்று லிட்டர் சேர்ந்திருக்கலாம். எடை அதற்கு முன்பே ஏறிவிடும். தினமும் காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பிறகு, எதுவும் சாப்பிடுவதற்கு முன், ஒரே மாதிரி உடையில், அதே மெஷினில், கெட்டியான தரையில் வைத்துப் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். நீர் வடிந்து வீடு திரும்பிய நாளின் எடை எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டு முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வையுங்கள். அது 64 கிலோ என்று வைத்துக்கொள்வோம். திங்கள் 64.1, செவ்வாய் 64.8, புதன் 65.5, வியாழன் 66.3 என்று போனால் மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறியிருக்கிறது. அப்பா தெம்பாக நடமாடினாலும் வியாழனன்றே டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

எடையும் சில நேரம் ஏமாற்றும். பசி குறைந்து சதை கரையும்போது, அந்த இடத்தை நீர் நிரப்பி எடை மாறாமல் இருக்கும். அதனால் 'மூச்சு எப்படி இருக்கிறது?' என்று மட்டும் கேட்காதீர்கள். பலர் 'பரவாயில்லை' என்பார்கள். படுக்கையைப் பாருங்கள். ஒரு தலையணை இரண்டானதா? நாற்காலியில் உட்கார்ந்தே தூங்குகிறாரா? செருப்பு வாரைப் போடக் குனிந்தால் இளைக்கிறதா? முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் மேல் கட்டைவிரலால் சில வினாடி அழுத்தி எடுங்கள். குழி அப்படியே நின்றால் நீர் இருக்கிறது.

இனி வலி மாத்திரை. இரண்டு முறை சேர்த்ததற்கு இதுவே காரணமாக இருந்தாலும் ஆச்சரியமில்லை. இபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், நாப்ராக்சென், எட்டோரிகாக்சிப் எல்லாமே சிறுநீரகத்தில் உப்பையும் நீரையும் தேக்கி, நீர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கும். பிராண்டு பெயரை நம்பாமல் அட்டையின் பின்புறம் இந்தப் பெயர்கள் இருக்கின்றனவா என்று படியுங்கள்; பாராசிட்டமாலோடு கலந்தும் வருகின்றன. தனிப் பாராசிட்டமால் பொதுவாக ஏற்றது. அளவை டாக்டரிடம் கேளுங்கள். நீரில் போட்டால் நுரைக்கும் வகை மட்டும் வேண்டாம், ஒவ்வொரு மாத்திரையிலும் நிறைய சோடியம் இருக்கிறது.

நீர் மாத்திரையை விடவே தேவையில்லை, நேரத்தை மாற்றினால் போதும். ஃபியூரோசமைடு என்ற நீர் மாத்திரை ஒரு மணி நேரத்தில் வேலையைத் தொடங்கி சுமார் ஆறு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். காலைப் பயணம் என்றால், போய்ச் சேர்ந்ததும் மதியம் போட்டுக்கொள்ளலாம். இதை டாக்டரிடம் ஒரு முறை பேசி வைத்துக்கொண்டால் அப்பாவுக்கும் நிம்மதி. இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் போன்ற மற்ற மாத்திரைகளையும், உடம்பு தேறிவிட்டது என்று தானாக நிறுத்தக் கூடாது. தேறியதே அவற்றால்தான்.

உப்பு நாளுக்கு மொத்தமாக 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்கட்டும். பாக்கெட் உணவில் மறைந்திருப்பதும் இதில் சேர்த்தி. 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதைக் கேட்காமல் வாங்காதீர்கள். அதில் இருப்பது பொட்டாசியம். ஸ்பைரோனோலாக்டோன், ராமிப்ரில் போன்ற இதய மருந்துகளோடு சேர்ந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தாறுமாறாகலாம்.

வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் நிலைமை தலைகீழ். உடம்பு வறளும்போது நீர் மாத்திரை, ஸ்பைரோனோலாக்டோன், டபாக்ளிஃப்ளோசின் போன்றவற்றைச் சில நாள் நிறுத்தவோ குறைக்கவோ வேண்டியிருக்கும். எதை, எத்தனை நாள் என்று இப்போதே எழுதி வாங்கி வையுங்கள். ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசியும், டாக்டர் சொல்லும்போது நிமோனியா தடுப்பூசியும் போட வேண்டும். நுரையீரல் தொற்று நிலைமையைச் சீக்கிரம் மோசமாக்கும்.

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இளஞ்சிவப்பு நுரையாகச் சளி வந்தால், நெஞ்சு வலித்தால், மயங்கினால், பேச்சு குழம்பினால் எடையெல்லாம் பார்க்க வேண்டாம். ஆம்புலன்ஸை அழையுங்கள். நினைவோடு இருந்தால் படுக்க வைக்காமல், கால்களைத் தொங்கவிட்டு நிமிர்த்தி உட்கார வையுங்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் ஒன்றிரண்டு வாரத்துக்குள் மறுபடி காட்டியாக வேண்டும். இரண்டாம் முறை சேர்க்கும் ஆபத்து அதிகமாக இருப்பது அந்த முதல் வாரங்களில்தான். போகும்போது எடை நோட்டையும், வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சிறுநீரகச் செயல்பாடு, பொட்டாசியம், இரும்புச்சத்து ஆகியவற்றுக்கு ரத்தப் பரிசோதனை எப்போது என்று கேளுங்கள். எடை இரண்டு கிலோ ஏறினால் வீட்டிலேயே நீர் மாத்திரையைக் கூட்டலாமா, எவ்வளவு, எத்தனை நாள், யாரை அழைப்பது என்பதை அந்த நோட்டிலேயே டாக்டர் கையால் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.