கண்ணுக்குக் கீழே பருக்கள்: முதலில் அப்பாவின் இமையைக் காட்டுங்கள்

டொக்டர், எனக்கு வயது 36. இரண்டு கண்ணுக்கும் கீழே சின்னச் சின்னப் பருக்கள் நாலைந்து வருசமாக இருக்கின்றன. நோவும் இல்லை, கடியும் இல்லை. பாமசியில் தந்த ஒரு கிரீமை இரண்டு மாதமாகப் பூசுகிறேன். எருக்கலம்பால் வைத்தால் உதிர்ந்துவிடும் என்று மாமி சொல்கிறா. மூக்கோரம் மஞ்சளாக ஒரு தடிப்பும் உண்டு. இதெல்லாம் புற்றுநோய் என்று யூடியூபில் பார்த்ததிலிருந்து நித்திரை இல்லை. அப்பாவுக்கும் (68 வயது, வயல் வேலை) கீழ் இமையில் ஒரு வருசமாக ஒரு பரு. பொருக்கு விழும், பிறகு திரும்ப வரும். பரம்பரையாக இருக்குமா?
– வாசகி, களுவாஞ்சிகுடி

தங்கச்சி, நீங்கள் நிம்மதியாக நித்திரை கொள்ளலாம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, வருசக்கணக்காக மாறாமல் இருக்கிற பருக்கள் புற்றுநோயின் போக்கில் இல்லை. அது பெரும்பாலும் ஒரு பக்கத்தில் ஒன்றாகத் தொடங்கும், தொடங்கினால் மெல்ல மெல்ல வளரும்.

கடைசியில் அப்பாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் நான் இரண்டாம் தரமும் வாசித்தேன்.

நாளைக் காலை அவரை வாசல் வெளிச்சத்தில் இருத்திப் பாருங்கள். பருவின் விளிம்பு முத்துப் போல மினுங்கி உயர்ந்திருக்கிறதா? நடுவில் குழி விழுந்திருக்கிறதா? அந்த இடத்தில் மட்டும் இமைமுடி கொட்டியிருக்கிறதா? முகம் துடைக்கிற துவாயில் இரத்தம் படுகிறதா? இதில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் சரி, ஒரு வருசமாக ஆறாமல் பொருக்கு விழுந்து விழுந்து வருகிறது என்பதே போதும். அதை வைத்தியர் பார்த்தே ஆக வேண்டும்.

பேசல் செல் கார்சினோமா என்ற தோல் புற்றுநோய் இமையில் வந்தால் கீழ் இமையையும் மூக்கோரக் கண் மூலையையும்தான் அதிகம் பிடிக்கும். காலமெல்லாம் வெயிலில் நின்றவர்களுக்கு வரும். இணையத்தில் காட்டுகிற படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. நம் தோலில் அது பல வேளை கறுப்பாக இருக்கும், மச்சம் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். வயதானவர்களுக்கு ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வருகிற கண்கட்டியையும் அப்படி விடக்கூடாது. இமையின் எண்ணெய்ச் சுரப்பியில் வருகிற புற்றுநோய் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும்.

அப்பாவுக்குப் புற்றுநோய்தான் என்று நான் சொல்லவில்லை. ஒரு துணுக்கு எடுத்துப் பயொப்சி பார்த்தால்தான் யாராலும் சொல்ல முடியும். கத்தி வைத்தால் பரவிவிடும் என்று வீட்டில் யாராவது சொன்னால் காதில் வாங்க வேண்டாம். பேசல் செல் வகை உடம்பின் வேறு இடத்துக்குப் போவது மிக அரிது. இருக்கிற இடத்தை அரித்து அரித்து உள்ளே போவதுதான் அதன் குணம். சின்னதாக இருக்கும்போதே வெட்டி எடுத்து, ஓரத்தில் மிச்சம் இல்லை என்று நுணுக்குக்காட்டியில் பார்த்துவிட்டால், பெரும்பாலானவர்களுக்கு அத்துடன் சரி. தள்ளிப்போட்டால் இமையையே திரும்பக் கட்டி அமைக்க வேண்டி வரலாம், கண்ணுக்கும் ஆபத்து. வேளாண்மை வெட்டு முடியட்டும் என்று அப்பா சொல்லுவார். விட்டுக்கொடுக்காதீர்கள்.

இனி உங்களுடையது. தோல் நிறத்திலேயே இருந்தால் பெரும்பாலும் சிரிங்கோமா, வேர்வைக் குழாயில் வருகிற தீங்கில்லாத வளர்ச்சி. இது சில குடும்பங்களில் பலருக்கு இருக்கும், ஆனால் அப்பாவின் பருவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வெள்ளையாக, தொட்டால் கெட்டியாக இருந்தால் மிலியா, மேல்தோலுக்கு அடியில் அடைபட்ட சின்ன மணி. அதைத் தோல் வைத்தியர் கிருமி நீக்கிய ஊசியால் மேல்தோலைக் கீறி எடுத்துவிடுவார், சில நாளில் காயம் ஆறிவிடும். வீட்டுத் தையல் ஊசியால் நீங்களே குத்தக் கூடாது. சிரிங்கோமா அவ்வளவு இலேசில் கழன்று வராது, அதன் வேர் ஆழத்தில் இருக்கிறது. மின்சூட்டாலோ லேசராலோ குறைக்கலாம். நம் நிறத்துக்குச் சுட்ட இடம் கறுத்துப் போகலாம், பரு திரும்பவும் வரலாம். உங்களுக்குத் தொந்தரவாக இல்லையென்றால் விட்டுவிடுங்கள் என்பதுதான் என் கருத்து.

எருக்கலம்பாலைக் கண் பக்கமே கொண்டு போகாதீர்கள். கண்ணில் பட்டால் பல வேளை நோவுகூடத் தெரியாது, சில மணித்தியாலத்தில் பார்வை புகைமூட்டமாகும். கருவிழியின் உட்படலத்துச் செல்கள் செத்தால் திரும்ப முளைப்பதில்லை. யாருக்காவது பட்டுவிட்டால் உடனே சுத்தமான தண்ணீரால் 15 நிமிடமாவது விடாமல் கழுவிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

அந்தக் கிரீமும் எனக்குக் கோபம் வரவைக்கிறது. பேர்கூட எழுதாமல் அனுப்பியிருக்கிறீர்கள். பருவுக்கும் நிறத்துக்கும் என்று கவுன்டரில் கொடுபடுகிற கிரீம்களில் பல வேளை ஸ்டீரொயிட் இருக்கும். இமையோரத் தோல் மிக மெல்லியது. மாதக்கணக்கில் பூசினால் தோல் இன்னும் மெலியும், கண்ணின் அழுத்தம் கூடலாம், கூடினால் அது பார்வை நரம்பைத் தின்றுவிடும். இனிப் பூச வேண்டாம்.

மஞ்சள் தடிப்பு பெரும்பாலும் சாந்தலஸ்மா, கொழுப்புப் படிவது. இமைக்குக் கேடில்லை, ஆனால் இது இருக்கிறவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இரத்தத்தில் கொலஸ்ட்ரோலும் கூட இருக்கும். லிப்பிட் புரொபைல் என்ற இரத்தக் கொழுப்புப் பரிசோதனை ஒன்று செய்யுங்கள். தடிப்பை எடுப்பதைப் பிறகு யோசிக்கலாம்.

இருவருமாக ஒரே நாளில் போங்கள். களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலை ஓபிடியில் காட்டி, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக் கண் கிளினிக்குக்குத் துண்டு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அரச ஆஸ்பத்திரி, காசு இல்லை. கிரீம் டியூபைக் கையோடு கொண்டு போய், உங்கள் கண் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அப்பாவின் கிளினிக் கொப்பியும் வேண்டும். அவர் அஸ்பிரின் எடுக்கிறவரென்றால் வெட்டுமுன் சொல்லுங்கள், தானாக நிறுத்த வேண்டாம்.