ஒளிப்பட ஐயங்கள்: புதிய கேமராவின் ரா கோப்பு திறக்காதபோது

கேள்வி: குடியாத்தத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாகத் திருமணப் படங்கள் எடுத்து வருகிறேன். அண்மையில் நிக்கான் இசட்6 III வாங்கி, முதல் முகூர்த்தத்தையே அதில் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், படங்களைத் திருத்த நெடுநாளாக நான் பயன்படுத்தும் அடோபியின் லைட்ரூம் 6 அந்த ரா கோப்புகளைத் திறக்க மறுக்கிறது. அக்காள் மகன் டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருளைப் போட்டுக் கொடுத்தான், அதிலும் திறக்கவில்லை. ஆனால் வெறுமனே படம் பார்ப்பதற்கான வேறொரு மென்பொருளில் எல்லாப் படமும் தெரிகிறது. கோப்புகள் கெட்டுவிட்டனவா? பெண் வீட்டார் ஆல்பம் எப்போது என்று கேட்கிறார்கள்.
— வாசகர், குடியாத்தம்

பதில்: கெடவில்லை, பெண் வீட்டாருக்குத் தைரியமாக நாள் குறித்துக் கொடுங்கள். அந்த மென்பொருளில் நீங்கள் பார்ப்பது ரா அன்று. ஒவ்வொரு ரா கோப்புக்குள்ளும் கேமரா ஒரு ஜேபெக் படத்தையும் பொதிந்து வைக்கிறது. கேமராவின் திரையில் தெரிவதும் அதுதான். ரா என்பது கேமராவுக்குள் ஒளியை உணரும் சென்சார் அளந்த எண்கள் மட்டுமே. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற வடிகட்டி அமைப்பின்படி, சென்சாரின் ஒரு புள்ளி சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் ஒன்றை மட்டுமே அளக்கும். மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளிலிருந்து மென்பொருள்தான் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு, எண்கள் எப்படிச் சுருக்கி அடுக்கப்பட்டிருக்கின்றன, முழு இருட்டுக்கு எந்த எண், நிறைந்துபோன வெளிச்சத்துக்கு எந்த எண், அந்தச் சென்சாரின் சிவப்பு உண்மையில் எவ்வளவு சிவப்பு என்பவை தெரிந்திருக்க வேண்டும். இந்த விவரங்களை மென்பொருள் கேமராவின் மாடல் பெயரைக் கொண்டு தன் பட்டியலில் தேடுகிறது. பெயர் அதில் இல்லையென்றால் கையை விரித்துவிடுகிறது. லைட்ரூம் 6-க்குக் கடைசியாகப் புதுப்பிப்பு வந்தது 2017 டிசம்பரில். உங்கள் கேமரா வெளியானது 2024-இல். எத்தனை நாள் காத்திருந்தாலும் அந்தப் பட்டியலில் இந்தப் பெயர் ஏறப்போவதில்லை.

இதற்கான வழி, ரா கோப்பை டி.என்.ஜி. என்ற பொது வடிவத்துக்கு மாற்றித் தரும், அடோபியின் இலவச டி.என்.ஜி. கன்வர்ட்டர். 2004-இல் அறிமுகமான டி.என்.ஜி. வடிவத்தின் சிறப்பே, மேற்சொன்ன எண்களைக் கோப்பு தன்னுடனேயே சுமந்து வருவதுதான். ஆகவே கேமராவின் பெயரையே கேள்விப்படாத பழைய லைட்ரூமும் அதைத் திறந்துவிடும். கன்வர்ட்டரின் புதிய பதிப்பை இறக்கி, விருப்ப அமைப்புகளில் பழைய பதிப்புகளுக்கு ஏற்ற தேர்வை வைத்து, முதலில் மூன்று நான்கு படங்களை மட்டும் மாற்றிப் பாருங்கள். மணமகளின் ஆரணிப் பட்டு அரக்கு நிறத்திலேயே இருக்கிறதா, மணமகனின் வேட்டி வெள்ளையாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மீதியை இரவில் ஓடவிடலாம்.

டார்க்டேபிள் மறுத்ததற்குக் காரணம் வேறாக இருக்கலாம். உங்கள் கேமராவின் மெனுவில் ரா பதிவுக்கு, இழப்பில்லாச் சுருக்கம் ஒன்றும் ‘ஹை எஃபிஷியன்சி’ எனப்படும் வகைகள் இரண்டும் உண்டு. பின்னது, 2021-இல் இசட்9 கேமராவோடு நிக்கான் கொண்டுவந்த, வேறொரு நிறுவனத்தின் உரிமத்துக்குட்பட்ட சுருக்கமுறை. இலவச மென்பொருள்கள் வெகுநாளாக இதனிடம் முட்டிக்கொண்டு நிற்கின்றன. மெமரி கார்டில் இடம் மிச்சமாகும் என்று நீங்கள் அதைத் தேர்ந்திருந்தால், அடுத்த முகூர்த்தத்துக்கு முன் இழப்பில்லாச் சுருக்கத்துக்கு மாற்றிவிடுங்கள். இப்போது எடுத்த படங்களுக்குக் கன்வர்ட்டரோ நிக்கானின் இலவச என்.எக்ஸ். ஸ்டூடியோவோ போதும்.

மூலக் கோப்புகளை மட்டும் அழித்துவிடாதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன், காட்பாடியில் உறவினர் வீட்டு வளைகாப்புப் படங்களை டி.என்.ஜி.-யாக மாற்றிய கையோடு மூலங்களை நீக்கினேன். பின்னர் கேமரா நிறுவனத்தின் சொந்த மென்பொருளில் தோல் நிறம் இன்னும் நன்றாக வரும் என்று தோன்றியபோது, அது டி.என்.ஜி.-யைத் தொடவே மறுத்துவிட்டது.

கேள்வி: கோப்புக்குள் இருக்கும் மாடல் பெயரை முந்தைய மாடலின் பெயராக மாற்றிவிட்டால் பழைய மென்பொருள் ஏமாந்து திறந்துவிடும் என்கிறார் நண்பர். செய்யலாமா?
— வாசகர், இராணிப்பேட்டை

பதில்: கோப்பின் உள்விவரங்களை மாற்றும் எக்ஸிஃப்டூல் என்ற கருவியைக் கொண்டு செய்யக்கூடியதுதான், ஆனால் இரண்டு கேமராக்களிலும் சென்சாரும் சுருக்கமுறையும் ஒன்றாக இருந்தால் மட்டுமே பலிக்கும். இல்லையேல் திறக்காது, அல்லது அதைவிட மோசமாக, தவறான நிறத்தோடு திறக்கும். நகலில் மட்டும் சோதித்துப் பாருங்கள். வாடிக்கையாளரின் படங்களில் நான் இதைச் செய்யமாட்டேன். பத்து ஆண்டுக்குப் பின் எது எந்தக் கேமராவில் எடுத்தது என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

கேள்வி: நான் வேலூரில் படிக்கும் மாணவன், லினக்ஸ் மட்டுமே வைத்திருக்கிறேன். என் கேமரா எந்த இலவச மென்பொருளின் பட்டியலிலும் இல்லை. நிரல் எழுதத் தெரியாத நான், அதைப் பட்டியலில் சேர்க்க உதவ முடியுமா?
— வாசகர், வேலூர்

பதில்: நிரல் எழுதுகிறவர்களிடம் பெரும்பாலும் இல்லாதது உங்கள் கேமராதான். ரா.பிக்சல்ஸ்.யு.எஸ் (raw.pixls.us) என்ற இணையதளம் ஒவ்வொரு மாடலின் மாதிரிக் கோப்புகளையும் சேர்த்துவைக்கிறது. டார்க்டேபிள் அந்த மாதிரிகளை வைத்தே தன் நிரலைச் சோதிக்கிறது. ஒரு காலைப்பொழுதில் கோட்டை அகழிக்கரைக்குப் போய், நீரும் கருங்கல் மதிலும் மரங்களும் தெளிவாக விழுமாறு, மெனுவில் உள்ள ஒவ்வொரு சுருக்க வகைக்கும், ஒளியின் அளவை எத்தனை நுண்படிகளில் பதிவது என்பதற்கு 12 பிட், 14 பிட் இரண்டும் இருந்தால் ஒவ்வொன்றுக்கும், தனித்தனியே ஒரு படம் எடுங்கள். மனித முகம் வேண்டாம். அந்தப் படங்களை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தின்கீழ்தான் நீங்கள் தரப்போகிறீர்கள். எந்த மென்பொருளிலும் திறந்து சேமிக்காமல், கார்டிலிருந்து நேராக ஏற்றுங்கள்.

ரா தெரபி என்ற இன்னொரு இலவச மென்பொருளைப் பயன்படுத்துபவராக இருந்தால், இன்னும் ஒரு படி நீங்களே போகலாம். கேமரா விவரங்களை அது கேம்கான்ஸ்ட் (camconst.json) என்ற எளிய உரைக்கோப்பில் வைத்திருக்கிறது. அதே பெயரில் நீங்கள் எழுதும் கோப்பை உங்கள் அமைப்புக் கோப்புறையில் வைத்தால் அதையும் படித்துக்கொள்ளும். லென்ஸ் மூடியை மாட்டியபடி எடுத்த படம் இருட்டின் எண்ணைக் காட்டும். முழுக்க வெளுத்துப் போகும்படி எடுத்த படம் வெளிச்சத்தின் உச்ச எண்ணைக் காட்டும், இது கேமராவின் ஒளியுணர்திறன் அளவான ஐ.எஸ்.ஓ.-வுக்கு ஐ.எஸ்.ஓ. மாறக்கூடும் என்பதால் ஒவ்வொன்றிலும் எடுத்துப் பாருங்கள். 14 பிட்டில் 16,384 படிகள் இருப்பதால் உச்சம் 16,383 என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடக் கூடாது. பல சென்சார்கள் அதற்கு முன்பே நிறைந்துவிடும். மென்பொருள் உச்சத்தை அதிகமாக எடுத்துக்கொண்டால், மூன்று நிறமும் நிறைந்துபோன இடத்தில், வெள்ளை வெள்ளையாகவே தெரிவதற்கான வெள்ளைச் சமனுக்காகச் சிவப்பும் நீலமும் மட்டும் கூட்டப்படுவதால், பச்சை பின்தங்கி, நம் ஊர் வெயிலில் நிற்கும் வெள்ளை வேட்டி ரோஜா நிறத்துக்குப் போகும். அந்த ரோஜாவைக் கண்டால் உச்ச எண்ணைச் சற்றுக் குறைத்துப் பாருங்கள்.

சென்சாரின் நிறத்தை உண்மை நிறமாக மாற்றும் ஒன்பது எண்களை நீங்கள் கண்டுபிடிக்க முயல வேண்டாம். டார்க்டேபிளே அவற்றைப் பெரும்பாலும் அடோபி வெளியிடும் எண்களிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. ஆகவே கன்வர்ட்டரில் உங்கள் கேமரா சேர்ந்த பிறகு, விண்டோஸ் வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு கோப்பை டி.என்.ஜி.-யாக மாற்றி வாங்கினால் எண்கள் அதற்குள்ளேயே இருக்கும். டார்க்டேபிளின் புதிய பதிப்பு ஆண்டுக்கு இருமுறை, ஜூன், டிசம்பர் வாக்கில் வருகிறது. அதுவரை ராவோடு ஜேபெக்கும் சேர்ந்து பதிவாகும்படி கேமராவை வைத்துக்கொள்ளுங்கள்.