வைப்ரேசன் பிளேட்டில் நின்றால் உடம்பு குறையுமா?

கேள்வி: எனக்கு 24 வயது. உயரம் 158 சென்ரிமீற்றர், எடை 68 கிலோ. நாள் முழுக்கக் கதிரையில் இருந்து செய்கிற வேலை. கனடாவில் இருக்கும் சித்தி வைப்ரேசன் பிளேட் (ஏறி நிற்க அதிரும் பலகை மெசின்) ஒன்று அனுப்பியிருக்கிறா. இரண்டு கிழமையாக 10 நிமிடம் ஏறி நிற்கிறேன். எடை அசையவில்லை, தலையிடிதான் மிச்சம். என்ன பிழை?
– வாசகி, கொக்குவில்

பதில்: அதிர்வு கொழுப்பைக் கரைப்பதில்லை. பலகை அதிரத் தசை இழுபட்டு, தானாகச் சுருங்குகிறது. சக்தி செலவாவது அந்தச் சுருக்கத்துக்குத்தான். அதில் குந்தி எழும்பினாலும் உங்கள் எடைக்கு 10 நிமிடத்தில் 45 கலோரி அளவில்தான் போகும். மூன்று தேக்கரண்டி சீனிக்குச் சரி. தேத்தண்ணிக்குச் சீனியைக் குறைப்பது இதைவிடச் சுகம்!

தலையிடிக்குக் காரணம் அநேகமாக நிற்கிற விதம். முழங்காலை நிமிர்த்தி, குதிக்காலில் பாரம் வைத்தால் அதிர்வு நேரே மண்டைக்கு ஏறும். முழங்காலைச் சற்று மடித்து, முன்பாதத்தில் பாரத்தைப் போடுங்கள். தொடைத்தசை அதிர்வை வாங்கிக்கொள்ளும். வீட்டு மெசின்களில் பெரும்பாலானவை ஏறுபலகை மாதிரி இடமும் வலமும் மாறி ஏறி இறங்குபவை. கால்களை அகட்ட அகட்ட ஆட்டம் கூடும். ஆகவே தொடக்கத்தில் கால்களை ஒடுக்கி வையுங்கள். திரையில் தெரியும் 1 முதல் 99 வரையான இலக்கம் வேகப்படிதான், ஹேர்ட்ஸ் (ஒரு செக்கனில் எத்தனை தரம் அதிர்கிறது என்ற கணக்கு) அல்ல. 99இல் வைத்தால் கூடப் பலன் என்று நினைக்க வேண்டாம்.

மெசினை நிலத்தோடு ஒட்டிய சீமெந்துத் தரையில் வையுங்கள்; காபெட்டில் வேண்டாம். மொத்த ஸ்பொஞ் அடி வைத்த சப்பாத்து அதிர்வைத் தின்றுவிடும், வெறுங்காலே போதும். முதல் இரண்டு கிழமை 30 செக்கன் நின்று 60 செக்கன் ஓய்வு, இப்படி ஆறு தரம், ஒருநாள் விட்டு ஒருநாள். பிறகு 60 செக்கன், பத்துத் தரம். சும்மா நிற்காமல் மூன்று செக்கனில் குந்தி, மூன்று செக்கனில் எழும்புங்கள். கைபிடியில் சாய்ந்தால் காலுக்கு வேலை இல்லை. காலில் கடி எடுத்துச் சிவந்தால் பயப்பட வேண்டாம், தோலுக்கு இரத்தம் கூட ஓடுவதால் வருவது. தலையிடி தொடர்ந்தாலோ நாரி நொந்தாலோ நிறுத்திவிட்டு வைத்தியரைக் காட்டுங்கள்.

மற்ற நாட்களில் யாழ்ப்பாணம் பண்ணைக் கடற்கரைப் பக்கம் அரை மணித்தியாலம் விறுவிறென்று நடவுங்கள். இரவுப் புட்டை ஒரு பங்கு குறைத்து மரக்கறியைக் கூட்டுங்கள். ஆறு மாதத்தில் மூன்றரைக் கிலோ இறங்கினால் நல்ல பலன். தராசோடு நாடாவும் எடுங்கள்: பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டும்.

கேள்வி: அண்ணாவுக்குச் சிறுநீரகத்தில் கல். அவரும் வைப்ரேசன் பிளேட்டில் ஏறலாமா?
– வாசகர், சுன்னாகம்

பதில்: கூடாது. கல் அசைந்து குழாயில் இறுகினால் வலி தாங்க ஏலாது. பித்தக்கல், கர்ப்பம், பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்க உடம்புக்குள் வைக்கும் கருவி), வலிப்பு, காலில் இரத்தக்கட்டி, அண்மையில் சத்திரசிகிச்சை, இவற்றில் எது இருந்தாலும் ஏறக்கூடாது. கல் போனபிறகும் ஸ்கான் பார்த்து வைத்தியர் ஓம் என்றால் மட்டும் ஏறட்டும்.