‘நன்றி சிஸ்’ போதுமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, இணையத்தில் கதை எழுதுகிறவர்களிடமிருந்து வந்தவை. கதை எழுதுவது எப்படி என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை, கதைக்கு வந்த விமர்சனத்துக்கு என்ன பதில் போடுவது என்பதுதான் எல்லோருக்கும் கவலை. சரி, மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன்.

கே: பிரதிலிபி என்ற இணையக் கதைத் தளத்தில் தொடர்கதை எழுதுகிறேன். ஒவ்வொரு பாகத்துக்கும் ‘சூப்பர் சிஸ்’, ‘நைஸ் எபி’ (எபிசோடுதான் எபி), ‘அடுத்த யுடி எப்போ?’ (யுடி என்றால் அப்டேட், அடுத்த பாகம்) என்று நிறைய வருகிறது. எல்லாவற்றுக்கும் ‘மிக்க நன்றி சிஸ்’ என்று காப்பி பேஸ்ட் பண்ணிக்கொண்டிருந்தேன். போன வாரம் ஒருவர், ‘நான் எழுதியதைப் படித்தீர்களா இல்லையா?’ என்று கேட்டுவிட்டார். எல்லோருக்கும் தனித்தனியாக எழுதிக்கொண்டிருந்தால் அடுத்த பாகம் எழுதுவது எப்போது? — வாசகி, தாராபுரம்

ப: அவர் என்ன எழுதியிருந்தார் என்று நீங்கள் சொல்லவில்லை, ஆனாலும் ஊகிக்க முடிகிறது. மற்றவர்களைவிட நாலு வரி கூடுதலாக எழுதியிருப்பார், அதற்கும் அதே கும்பிடுதானா என்ற கோபம்.

எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டியதில்லை. ‘சூப்பர் சிஸ்’ போடுகிறவர், வந்தேன், படித்தேன், பிடித்தது என்று தெரிவித்துவிட்டுப் போய்விடுகிறார், பதிலுக்காக உட்கார்ந்திருப்பதில்லை. ரசிகர் புனைகதைகளுக்கென்று (தங்களுக்குப் பிடித்த கதை, படங்களின் பாத்திரங்களை வைத்து ரசிகர்களே எழுதுகிற கதைகள்) ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ என்று ஒரு தளம் இருக்கிறது, 2009-ல் பொதுவில் திறந்தது, சுருக்கமாக ஏஓ3 என்பார்கள். அங்கே இதற்கென்றே ‘கூடோஸ்’ என்று ஓர் இதயப் பொத்தான் உண்டு. ஒரு கதைக்கு ஒருவர் ஒரு தடவைதான் அமுக்க முடியும், அமுக்கியவர் பதிலை எதிர்பார்ப்பதில்லை, எழுதியவரும் ஒவ்வொருவராகத் தேடிப்போய் நன்றி சொல்வதில்லை. நம் ஆட்களின் ‘நைஸ் எபி’யையும் அந்தக் கணக்கில் வையுங்கள். அடுத்த பாகத்தின் ஆரம்பத்தில் ‘போன பாகத்துக்குக் கருத்துச் சொன்ன எல்லோருக்கும் நன்றி’ என்று ஒரு வரி போட்டால் தீர்ந்தது. (இதற்கென்று தனியாக ஒரு பாகம் போட்டுவிடாதீர்கள். யுடி வந்துவிட்டது என்று நோட்டிபிகேஷனைத் தட்டி உள்ளே வந்தவருக்கு வெறும் நன்றியுரை கிடைத்தால் அடுத்த தடவை தட்டமாட்டார். ஃபேன்ஃபிக்‌ஷன் டாட் நெட்டில் எழுத்தாளர் குறிப்பை மட்டும் தனியாகப் பதிவிடக் கூடாது என்று விதியே இருக்கிறது.)

ஆனால் நாலு வரி எழுதியவர் விஷயம் வேறு. ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: ‘மாமியார் கதவைத் திறக்கும்போது கையில் மாவு ஒட்டியிருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். மருமகள் வருகிற நேரம் தெரிந்தும் அந்தம்மா மாவு பிசைகிற வேலையை நிறுத்தவில்லை, அவளை வரவேற்க இஷ்டமில்லை என்று எனக்குப் பட்டது.’ இதற்குப் போய் ‘மிக்க நன்றி சிஸ்’ என்றால் கோபம் வரத்தான் செய்யும். ‘அந்த மாவைச் சும்மா ஒரு விவரத்துக்காகத்தான் வைத்தேன், நீங்கள் சொன்ன பிறகுதான் அதில் இவ்வளவு இருக்கிறதென்று தெரிகிறது’ என்று எழுதுங்கள், உண்மையில் அப்படித்தான் என்றால். திட்டம் போட்டே வைத்திருந்தீர்களா, ‘அதைக் கவனித்தீர்களா! யாருமே சொல்லவில்லையே என்று இருந்தேன்’ என்று எழுதுங்கள். அவர் சொன்னதில் ஏதாவது ஒன்று உங்கள் பதிலில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நீளம் முக்கியமே இல்லை.

இன்னொன்று. பழைய தமிழ் வலைப்பதிவர்களுக்குப் ‘பின்னூட்டக் கயமை’ ஞாபகம் இருக்கும். பல வலைப்பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டிய தமிழ்மணம் தளத்தில், புதிதாகப் பின்னூட்டம் விழுந்த பதிவுகள் அப்போது முகப்பில் தெரியும் என்பதால், வந்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ‘நன்றி’, ‘வருகைக்கு நன்றி’, ‘மீண்டும் வருக’ என்று போட்டுப் போட்டுப் பதிவைக் கீழே இறங்கவிடாமல் பார்த்துக்கொள்கிற வித்தைக்கு அவர்களே கிண்டலாக வைத்துக்கொண்ட பெயர் அது. ஏஓ3-யிலும் கதையோடு காட்டப்படும் கருத்து எண்ணிக்கையில் எழுதியவரின் பதில்களும் சேர்ந்துவிடும், அதனால் பதில் போடவே கூச்சப்படுகிறவர்கள் அங்கே உண்டு. அந்த அளவுக்குக் கூச வேண்டாம். மனசாரச் சொன்ன நன்றி எது, எண்ணிக்கைக்காகப் போட்டது எது என்று வாசகருக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

கே: ஓர் எழுத்துக் குழுவில் என் சிறுகதையைப் போட்டேன். ஒருவர், முடிவு எடுபடவில்லை, பாட்டியின் பேச்சுவழக்கும் தப்பு என்று நீளமாக எழுதினார். நான் மரியாதையாக ‘நன்றி சார், ஆனால்...’ என்று ஆரம்பித்து, முடிவை ஏன் அப்படி வைத்தேன் என்று விளக்கினேன். அதன் பிறகு அவர் என் கதைப் பக்கமே வருவதில்லை. விளக்கம் சொன்னது குற்றமா? கதையையும் என் பதிலையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். — வாசகர், விருதுநகர்

ப: குற்றமில்லை. ஆனால் அதற்கு நன்றி என்று பெயர் கிடையாது. உங்கள் பதிலைப் படித்தேன். ‘நன்றி சார்’ இரண்டே சொல், ‘ஆனால்’ ஆறு பத்தி. உங்களோடு வழக்காட வேண்டும் என்றா அந்த மனிதர் அவ்வளவு எழுதினார்?

1956-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், மில்ஃபோர்டு என்ற ஊரில், டேமன் நைட், ஜூடித் மெரில், ஜேம்ஸ் பிளிஷ் என்ற அறிவியல் புனைகதைக்காரர்கள் சேர்ந்து, எழுதுகிறவர்கள் கூடி ஒருவர் கதையை மற்றவர்கள் அலசுகிற கூட்டத்தை ஆரம்பித்தார்கள். அந்த முறைக்கே மில்ஃபோர்டு முறை என்று பெயர் நிலைத்துவிட்டது, 1968-ல் தொடங்கிய கிளாரியன் எழுத்துப் பட்டறையும் அதைத்தான் பின்பற்றியது. வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வருவார்கள், கதை எழுதியவர் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. எல்லோரும் முடித்த பிறகுதான் அவர் முறை. கதையில் வருகிற ஊரும் சனமும் என்னவென்றே தெரியாதவர்கள் கூடி அலசும்போது எழுதியவர் வாய்பொத்தி உட்கார்ந்திருப்பது கொடுமை என்று இந்த முறைக்கு இப்போது எதிர்ப்பும் இருக்கிறது, அதுவும் நியாயம்தான். ஆனாலும் அதில் ஒரு வசதி உண்டு, கடைசி ஆள் பேசி முடிப்பதற்குள் உங்கள் முதல் கோபம் ஆறிவிடும். இணையத்தில் யாரும் வாயைக் கட்டிப்போடுவதில்லை, கட்டைவிரல் உடனே பரபரக்கிறது. அதனால் நீங்களே கட்டிப்போட்டுக்கொள்ளுங்கள். ‘முழுக்கப் படித்தேன், நன்றி, நிதானமாக யோசிக்கிறேன்’ என்று மட்டும் போட்டுவிட்டு அன்றைக்கு அந்தப் பக்கம் போகாதீர்கள்.

அப்புறம் உங்கள் பாட்டி. கரிசல்காட்டுப் பாட்டி ‘அவுக வந்துட்டாக’ என்பாள். நீங்கள் ‘வந்துட்டாங்கோ’ என்று எழுதியிருக்கிறீர்கள், அது கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பாட்டி. அவர் சொன்னது சரி. ‘ஆமாம், அந்த “ங்கோ” வரக்கூடாது, வந்த இடத்திலெல்லாம் மாற்றிவிட்டேன்’ என்று நீங்கள் எழுதியிருந்தால், நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லாவிட்டாலும் அவருக்கு மனசு நிறைந்திருக்கும். விமர்சனம் எழுதுகிறவருக்குத் தான் சொன்னது பயன்பட்டது என்று தெரிவதைவிடப் பெரிய சந்தோஷம் எதுவுமில்லை. முடிவைப் பற்றி அவர் சொன்னது ஒப்பவில்லையா, மாற்றாதீர்கள், கதை உங்களுடையது. ஏன் மாற்றவில்லை என்று அவருக்கு மனு எழுதிக்கொண்டிருக்கவும் வேண்டாம். சொன்னது புரியவில்லை என்றால் மட்டும் கேளுங்கள்: ‘எந்த இடத்தில் உங்களுக்குக் கதை விட்டுப்போனது?’ இப்படிக் கேட்டால் யாருக்கும் வாதம் என்று தோன்றாது. இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. திருத்திய கதையைப் போட்டு, பேச்சுவழக்கைத் திருத்த உதவியவர் என்று அவர் பெயரைக் குறிப்பிடுங்கள். வந்தால் வரட்டும், வராவிட்டாலும் சரி.

கே: காரணமே சொல்லாமல் ஒற்றை நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டுமா? — வாசகி, திருச்சி

ப: வேண்டாம். ‘உங்கள் மேலான மதிப்பீட்டுக்கு நன்றி’ என்று போட்டால் அது குத்தல் என்று எல்லோருக்கும் தெரியும். எதிர்மறை விமர்சனத்துக்குப் பதில் சொல்லப் போகாதீர்கள் என்பதுதான் வாசகர்கள் புத்தக விமர்சனம் எழுதுகிற குட்ரீட்ஸ் தளமும் எழுத்தாளர்களுக்குச் சொல்கிற புத்தி. ரசிகர்களை ஏவிவிடவும் வேண்டாம். ‘யாரோ ஒருத்தருக்கு நம்ம கதை பிடிக்கலையாம் பிரண்ட்ஸ்’ என்று ஸ்டேட்டஸ் போடுவதும் ஏவிவிடுவதில்தான் சேர்த்தி.

கே: ஒரு சக எழுத்தாளத் தோழி என் கதைகளுக்குத் தவறாமல் ஐந்து நட்சத்திரம் போட்டு நல்லதாக எழுதுகிறார். அவர் கதையை என்னால் படிக்கவே முடியவில்லை. நன்றிக்கடனாக நானும் ஐந்து போட வேண்டுமா? போடாவிட்டால் தப்பாக நினைப்பாரோ? — வாசகி, மதுரை

ப: நினைப்பார். அதற்காகப் போட வேண்டியதில்லை. வலைப்பதிவுக் காலத்திலேயே இதற்கு மொய் என்றுதான் பெயர்: நீ என் பதிவுக்கு வந்து ஓர் ‘அருமை’ வை, நான் உன் பதிவுக்கு வந்து ஓர் ‘அருமை’ வைக்கிறேன். கல்யாண மொய்யை நோட்டில் எழுதி வைத்துத் திருப்பிச் செய்வதிலாவது ஒரு நியாயம் உண்டு, அந்தப் பணம் ஒரு வீட்டுக்கு உதவுகிறது. இங்கே ஏமாறுகிறவர் மூன்றாவது ஆள், அந்த ஐந்தை நம்பிக் கதையைத் திறக்கிற வாசகர். புத்தகம் கிண்டிலில் இருந்தால் அமேசான் விதியும் குறுக்கே நிற்கிறது. எழுத்தாளர்கள் பேசி வைத்துக்கொண்டு விமர்சனத்துக்கு விமர்சனம் மாற்றிக்கொள்வதையும், நெருங்கிய நண்பர்களும் குடும்பத்தாரும் விமர்சனம் போடுவதையும் அவர்கள் அனுமதிப்பதில்லை.

தோழி உங்கள் கதைக்குச் செய்ததற்கு உங்கள் கதைக்குக் கீழேயே நன்றி சொல்லுங்கள், நிறையவே சொல்லுங்கள். அவர் கதையில் ஒரு பாகத்தையாவது கடைசி வரை படித்துப் பாருங்கள், உண்மையிலேயே பிடித்த இடம் ஒன்று இருந்தால் அதை மட்டும் எழுதுங்கள், நட்சத்திரத்தைத் தொடாதீர்கள். ஒன்றுமே இல்லையென்றால் பேசாமல் இருப்பது உத்தமம். அவரே வாய்விட்டு ‘என் கதைக்கு ஏன் ரேட்டிங் போடல?’ என்று கேட்டால், தோழிகளுக்குள் நட்சத்திரம் வேண்டாமே என்று சொல்லிவிடுங்கள். அதைப் புரிந்துகொள்ளாத தோழமை எத்தனை நாளைக்கு ஓடும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: நான் எழுதுவதில்லை, வாசகன் மட்டும்தான். ஒரு புதியவரின் கதைக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, சந்திப்பிழை உட்பட எல்லாவற்றையும் குறித்து அனுப்பினேன். ஒரு லைக் கூட இல்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நன்றி சொல்லத் தெரியாதா? — வாசகர், தஞ்சாவூர்

ப: அவர் கேட்டாரா ஐயா? கடிதத்தில் அது இல்லை.

இடத்துக்கு இடம் வழக்கம் மாறும். ஆண்ட்ரூ பர்ட் என்ற எழுத்தாளர் 1995-ல் ஆரம்பித்த கிரிட்டர்ஸ் என்ற இணைய எழுத்துப் பட்டறையில், உங்கள் கதை விமர்சனத்துக்குப் போக வேண்டுமென்றால் முக்கால்வாசி வாரங்களிலாவது மற்றவர் கதைக்கு நீங்கள் விமர்சனம் எழுதி அனுப்பியிருக்க வேண்டும். அங்கே கதை போடுகிறவர் அடி வாங்கத் தயாராகத்தான் வருகிறார், எழுதி அனுப்பியவருக்கு நன்றி சொல்லாமல் போனால் அது மரியாதைக்குறைவுதான். ஏஓ3-யில் நேர் எதிர், சந்தோஷத்துக்காக எழுதிப் போட்டதில் கேட்காமல் குறை சொல்வதை அங்கே பலர் அநாகரிகம் என்றே நினைப்பார்கள். நம் தொடர்கதை உலகமும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். முதல் கதையைப் பயந்து பயந்து போட்ட பிள்ளைக்கு ஒரே நாளில் நூறு ஒற்றுப்பிழை வந்து இறங்கினால் கையும் ஓடாது, காலும் ஓடாது. ‘கதை பிடித்திருந்தது, சில பிழைகள் கண்ணில் பட்டன, அனுப்பட்டுமா?’ என்று முதலில் கேட்டுப் பாருங்கள். அனுப்புங்கள் என்று சொல்லி வாங்கிக்கொண்டும் மூச்சுவிடாமல் இருந்தால் உங்கள் வருத்தம் நியாயம். அப்போதும் ‘படிச்சீங்களா?’ என்று பின்னாலேயே போகாதீர்கள்.

கே: ஒரு வருஷத்துக்கு முன்னால் வந்த நல்ல விமர்சனத்தை நேற்றுதான் பார்த்தேன். இப்போது பதில் போட்டால் சிரிப்பார்களா? — வாசகர், சேலம்

ப: சிரிக்கமாட்டார்கள். போடுங்கள். தாமதத்துக்கு நாலு வரி காரணம் மட்டும் எழுத வேண்டாம்.

கே: என் தொடர்கதை புத்தகமாக வருகிறது. வாரம் தவறாமல் விமர்சனம் எழுதிய ஏழெட்டுப் பேருக்கு முன்னுரையில் நன்றி சொல்ல ஆசை. எப்படிச் சொல்வது? — வாசகி, சிங்கப்பூர்

ப: முதலில் ஒவ்வொருவரிடமும் எந்தப் பெயரைப் போடலாம் என்று கேளுங்கள். மழைத்துளி, நிலாப்பெண் என்கிற மாதிரிப் பெயர்களில் எழுதுகிறவர்களில் பலர் வீட்டுக்கே தெரியாமல் படிப்பவர்கள், அலுவலகத்தில் யாருக்கும் தெரியாதவர்கள். வாட்ஸ்அப்பில் பழகி உங்களுக்கு நிஜப் பெயரும் ஊரும் தெரிந்திருக்கலாம், அச்சில் ஏற்றுவது வேறு விஷயம். புனைபெயரே போதும் என்றால் அதையே, அவர் எழுதுகிற எழுத்துக்கூட்டலிலேயே போடுங்கள். ‘அன்புச் சகோதரி’ என்று நீங்களாக உறவு சேர்க்காதீர்கள், நிலாப்பெண் ஓய்வுபெற்ற தாத்தாவாக இருக்கலாம். தனிச்செய்தியில் புகழ்ந்ததை எடுத்துக் கேட்காமல் பின்னட்டையில் போடுவதும் கூடாது.

‘ஊக்கமளித்த நல்லுள்ளங்களுக்கு’ என்று மொத்தமாகச் சொல்வதைவிட என்ன செய்தார் என்று சொல்லுங்கள். ‘பன்னிரண்டாம் அத்தியாயத்தில் கதாநாயகியின் தம்பிக்கு இரண்டு வயது குறைந்துபோனதைக் கண்டுபிடித்தவர்’ என்று ஒரு வரி போட்டால் அந்த மனிதர் அந்தப் பக்கத்தை எத்தனை பேருக்குக் காட்டுவார் என்று பாருங்கள். முடிந்தால் ஆளுக்கொரு பிரதி அனுப்புங்கள். உள்ளே ‘படிச்சிட்டு ஒரு ரிவியூ போட்டுடுங்க’ என்று சீட்டு மட்டும் வைத்துவிடாதீர்கள்.